வெசக்காரரின் மனு

“பொருள்: ‘மருந்து’ என்ற சொல்லை நீக்கக் கோருதல் தொடர்பாக.”

என் கோப்பில் உள்ள ஒரு மனுவின் நகல் இப்படித் தொடங்குகிறது. மாசி மாதம், இரண்டாம் திங்கட்கிழமை, புதுக்கோட்டை ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர்க்கும் நாளில் கொடுத்தது. முத்திரையில் வருடம் மட்டும் மை பிடிக்கவில்லை. தேதிகளில் கறாரான எனக்கு அது இன்னும் உறுத்துகிறது. எழுதியவன் நான். கொடுத்தவர் வெசக்காரர்.

பொன்னமராவதி வட்டாரத்தில் ஒரே ஒரு சொல்லோடு ஓயாமல் சண்டை போட்டவர் அவர் ஒருவர்தான். பயிருக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லியை ஊரே மருந்து என்கிறது. அவர் வெசம் என்பார். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அவருடைய இரண்டு ஏக்கரில் சாணமும் இலைதழையும் தவிர வேறெதுவும் விழுந்ததில்லை. விஷமே இல்லாத வீட்டுக்காரருக்கு வெசக்காரர் என்று பெயர் வைத்தது எங்கள் ஊர்.

பக்கத்துக் கொல்லைக் கருப்பையா ஒருநாள் டீக்கடையில், கத்தரிக்கு மருந்து அடித்ததாகச் சொல்லிவிட்டார்.

“கத்தரிக்கு என்னப்பா, காச்சலா?”

“புழுண்ணே.”

“அப்ப புழுவுக்கா ஒடம்பு சரியில்ல?”

“புழுவக் கொல்றதுக்குண்ணே.”

“கொல்றதுக்குப் பேரு மருந்தாப்பா?”

கருப்பையா டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். வெசக்காரர் சிரிக்கவில்லை. இந்த விஷயத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அவர் ஊறவைத்திருந்த வேப்பிலைக் கரைசலை, புகழ்வதாக நினைத்து, இயற்கை மருந்து என்றேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அது கசப்புத் தண்ணீராம்.

புதுக்கோட்டையில் இயற்கை வேளாண்மைக்காக ஒரு பேரணி நடந்தது. பதாகையில் ‘இயற்கைப் பூச்சி மருந்து’ என்று அச்சடித்திருந்தார்கள். அதன் பின்னால் நடக்க மாட்டேன் என்று பத்தடி முன்னால் தனியாக நடந்தார். மறுநாள் செய்தித்தாளில் படம் வந்தது. பேரணிக்குத் தலைமை தாங்கியவர் அவரேதான் என்று தோன்றும்படி.

பிறகுதான் அந்த மனு. எங்கள் கடைவீதியில் ஒரு நீலநிறப் பலகை உண்டு: ‘இங்கு பூச்சி மருந்து கிடைக்கும்.’ அந்தப் பலகையிலும் அதுபோன்ற எல்லாப் பலகைகளிலும் அந்தச் சொல் போக வேண்டும் என்பது கோரிக்கை. “மருந்துங்கிற சொல்லுக்காக ஒரு மனு” என்று வீடு வீடாகப் போய்க் கேட்டார். முதல் சொல்லோடு எல்லாருக்கும் காது நிறைந்துவிட்டது. அதுவரை அவர் எதற்குக் கேட்டாலும் கதவைச் சாத்திய ஊர், அன்று வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டது.

ஆட்சியர் அலுவலகத்திலும் அதே கதைதான். மருந்து கேட்கும் மனு என்று நினைத்துச் சுகாதாரத் துறைக்கு அனுப்பிவிட்டார்கள். ஆனி மாதம் எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் பெட்டியாக வந்து இறங்கின. வாரம் இருமுறை நர்ஸ் வந்தார். அதே டீக்கடையில், முன்பு பாதி டீயோடு போன அதே கருப்பையா, வெசக்காரருக்குத் துண்டு போர்த்தினார்.

“ஒங்களாலதாண்ணே மருந்து வந்துச்சு.”

அவர் துண்டை எடுத்து மடித்தார். “நான் அதப் போகச் சொன்னேன்ப்பா. வந்துருச்சு.”

தப்பு என் தலைப்பில்தான் என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனேன். அவர் கொல்லையில் இருந்தார். அவர் மனைவி மோர் கொண்டுவந்தார். அந்த அம்மா அதிகம் பேச மாட்டார். பேசினாலும் வெறும் காற்றாகத்தான் வரும். பிறவிக் குறை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

“அவுக மேல வருத்தப்படாதீக சார்” என்றார். “கல்யாணம் ஆன புதுசு. எனக்கு இருமலு. மருந்து எங்கன்னு கேட்டேன். கெணத்தடியில நின்னுக்கிட்டு, மாடத்துல இருக்கு, எடுத்துக் குடின்னாக. அங்க ரெண்டு பாட்டிலு இருந்துச்சு. அப்ப எங்க வீட்டுல ரெண்டுக்கும் ஒரே பேருதான்.”

அவர் பிழைத்தார். குரல் பிழைக்கவில்லை. மன்னிப்புக் கேட்காமலே திரும்பினேன். திருத்திய தலைப்போடு அடுத்தடுத்து நான்கு மனுக்கள் எழுதிக் கொடுத்தேன். எதற்கும் பதில் இல்லை. நீலப்பலகை அப்படியே இருந்தது.

போன தை மாதம் வெசக்காரர் இறந்தார். மாரடைப்பு. பதினாறாம் நாள் காரியத்துக்குப் போகிற வழியில் பலகையைப் பார்த்தேன். மூன்றாவது சொல் மட்டும் தகரம் தெரியச் சுரண்டப்பட்டிருந்தது. ‘இங்கு பூச்சி கிடைக்கும்’ என்று மிச்சம் நின்றது. கடைக்காரர் இன்றுவரை அதைத் திருப்பி எழுதவில்லை. கருப்பையா இன்னமும் அங்கேதான் வாங்குகிறார். ஆனால், “வெசம் ஒரு லிட்டர் குடுங்க” என்று கேட்பதை நானே கேட்டேன்.

சுரண்டியது யார் என்பது உறுதியாகவில்லை. அன்று காரிய வீட்டில் அந்த அம்மா எனக்கு மோர் நீட்டியபோது, அவருடைய வலதுகை நகக்கண்களில் நீலம் ஒட்டியிருந்தது. கிழமையையும் நேரத்தையும் என் நோட்டில் குறித்திருக்கிறேன். பக்கத்தில் ‘சரிபார்க்கவில்லை’ என்றும் எழுதியிருக்கிறேன். இந்த ஒன்றை மட்டும் சரிபார்க்கப் போவதில்லை.