கரடி மேல் ஒட்டிய கம்பெனிச் சொத்து

ஒரு காட்டில், அதாவது சாயப்பட்டறைக்காக வெட்டியது போக மிஞ்சியிருந்த காட்டில், வெள்ளத்தாயி என்றொரு கரடி இருந்தாள். பட்டறை சிங்கத்தினுடையது. வெள்ளத்தாயிக்கு அங்கே சாயப்பொடி கலக்கும் வேலை. சாயங்காலம் வீடு திரும்பும்போது உச்சி முதல் பாதம் வரை பச்சைப்பசேல் என்று இருப்பாள். கரடி ரோமமாச்சே, உதறினால் போய்விடுமா? ஓடையில் குளிக்கலாம் என்றால், பட்டறைக் கழிவு கலந்து ஓடை அவளைவிடப் பச்சை.

அம்மா தலை தெரிந்ததும் மகன் சின்னாண்டி ஓடிவந்து மேலே விழுந்து மூஞ்சி முழுக்க நக்குவான். கரடிக் குலத்தில் பாசத்தை நாக்கால்தான் காட்டுவார்கள்.

கொஞ்ச நாளில் பயல் வாந்தியெடுக்க ஆரம்பித்தான். தேனடையை மூக்குக்கு நேரே நீட்டினாலும் திரும்பிப் படுத்துக்கொண்டான். வெள்ளத்தாயி அவனை முதுகில் தூக்கிக்கொண்டு வைத்தியரிடம் ஓடினாள். வைத்தியர் ஆந்தை அவன் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

"உம்மேல இருக்கிற பொடிதாம்மா இவன் வயித்துக்குள்ள போகுது. நல்ல தண்ணியில குளிச்சிட்டு வீட்டுக்குப் போ. இப்படியே விட்டா புள்ள தங்காது."

மறுநாளே சூப்பர்வைசர் நரியிடம் போய் நின்றாள். "ஐயா, வாசல்ல ஒரு தண்ணித் தொட்டி கட்டிக் குடுங்க. எம்புள்ளைக்கு முடியல."

"தொட்டியா? அடுத்து சோப்பு கேப்பே. போய் வேலையைப் பாரு!" என்று நரி எரிந்து விழுந்தது.

அழுது பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகச் சிங்கத்தின் அறைக்குள் நுழைந்தாள்.

"மொதலாளி, நான் திருடி. தெனமும் உங்க பொடிய உடம்புல ஒட்டிக் கடத்திக்கிட்டுப் போறேன். நான் மட்டுமா? அந்தச் செம்மறியாட்டைப் பாருங்க, கம்பளிக்குள்ள மூட்டைக்கணக்குல போகுது!"

சிங்கத்துக்குப் பிடரி சிலிர்த்துவிட்டது. "என் பொடியா? டேய் நரி! நீ என்னடா பாத்துக்கிட்டு இருந்தே?"

அவ்வளவுதான். வாசலில் ஆழ்துளைக் கிணறு வந்தது, தொட்டி வந்தது, சோப்பும் வந்தது. கழுவிய தண்ணீரை வடிகட்டிப் பொடியை மீட்க ஒரு மெஷின்கூட வந்தது. "காதுக்குப் பின்னாடி தேய்! விரலிடுக்கக் காட்டு!" என்று நரியே நின்று ஒவ்வொருவரையும் தேய்த்து அனுப்பியது.

கொஞ்சங்கொஞ்சமாகச் சின்னாண்டி தேறினான். ஒருநாள் மரத்தின் உச்சாணிக் கொம்பில் போய் உட்கார்ந்துகொண்டான். வெள்ளத்தாயி கீழே நின்று வாய் வலிக்கத் திட்டினாள். திட்டுவதற்குப் பிள்ளை இருக்கிறானே என்று அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நீதி: பிள்ளைக்கு முடியவில்லை என்று முதலாளியிடம் அழாதே. பொடி வீணாகிறது என்று அழு.