பாரிவாக்கத்தில் என்னை ரைட்டர் என்றார்கள்

குடித்துக் குடித்து வேலையை இழந்தவனுக்குக்கூட எங்கள் வெள்ளானூரில் பரிதாபப்பட நாலு பேர் இருந்தார்கள். கதை எழுதுவதற்காக வக்கீல் தொழிலை விட்டவனுக்கு ஒருவரும் இல்லை. அந்த எரிச்சல் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம். சுற்றுவட்டாரத்தில் வயலெல்லாம் பிளாட்டாகிக்கொண்டிருந்ததால், பூந்தமல்லி கோர்ட்டில் சிவில் வழக்குக்குப் பஞ்சமே இல்லை. எனக்கும் நல்ல பெயர்தான். அப்போது ஒரு வாரப் பத்திரிகை என் கதையைப் போட்டது. கொஞ்ச நாளில் இன்னொன்றையும் போட்டது. அவ்வளவுதான், தமிழ்நாடே எனக்காகச் சோறு தண்ணி இல்லாமல் காத்துக்கிடப்பதாக நினைத்து, கறுப்புக் கோட்டை டிரங்குப் பெட்டியில் போட்டு மூடிவிட்டேன். தாடியும் வளர்த்தேன். (இடது கன்னத்தில் மட்டும்தான் வந்தது.)

என் நைனா (அப்பாதான்) ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டர். அவர் என்னைத் திட்டவில்லை. அதைவிட மோசம், பாரிவாக்கத்தில் பெண் பார்த்துவிட்டார்.

"நான் கதை எழுதறவன்னு அவங்ககிட்ட சொல்லிட்டியா நைனா?"

"ரைட்டர்னு சொல்லிக்கீறேன். கெளம்பு."

போன இடத்தில் ராஜ மரியாதை. பெண்ணின் அப்பா முனிரத்தினம் அம்பத்தூரில் லேத் ஓட்டுபவர். தெருமுனை வரைக்கும் வந்து அழைத்துப்போனார். கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது. ஒரு எழுத்தாளனுக்குப் பாரிவாக்கத்தில் இத்தனை மதிப்பா என்று எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"தம்பி ஒரு நாளைக்கு எத்தினி எய்துவீங்க?"

"மனசு நல்லா இருந்தா ஒண்ணு. இல்லன்னா மாசக்கணக்கா ஒண்ணும் வராதுங்க."

அவர் முகம் சுருங்கியது. "ஆபீஸ் வாசல்லதான உக்காந்துகினு எய்துறீங்க?"

"எந்த ஆபீஸ்?"

"ரிஜிஸ்டர் ஆபீஸ்தான். பத்திரம் எய்துற ரைட்டர்தான நீங்க?"

நைனாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பஜ்ஜிக்குள் வாழைக்காய் இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"பத்திரம் இல்லைங்க. கதை."

"கதையா? இன்னாத்துக்கு?"

(இந்தக் கேள்வியை இன்றுவரை நானும் என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.) கதவுக்குப் பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முனிரத்தினம் நைனாவிடம் பாய்ந்தார். "இன்னாண்ணா இது! ரைட்டரு வராரு, நாங்க வாங்கப்போற மனைப் பத்திரத்த ஒரு பார்வை பாத்துடுவாருன்னு நகல எடுத்து வெச்சிகினு கீறேன். கதைன்றாரு!"

எனக்குச் சுருக்கென்றது. சட்டம் படித்த என்னை ஒரு நகல் பத்திரத்துக்கு லாயக்கில்லாதவன் என்பதா?

"கொண்டாங்க அதை! நான் பூந்தமல்லி கோர்ட்டுல வக்கீலா இருந்தவன்!"

பிடுங்கிப் படித்தேன். என் கோபம் முழுவதையும் அந்தப் பத்திரத்தின் மேல் காட்டினேன். "நிலம் செத்துப்போன அப்பா சுயமா வாங்கினது. மகனுங்க ரெண்டு பேரும் விக்கறாங்க. கூடப்பொறந்த அக்கா ஒருத்தர் இருக்கறதா இதுலயே போட்டிருக்கு. அவங்க கையெழுத்து எங்கே? நாளைக்கு அந்தம்மா கோர்ட்டுக்குப் போனா நீங்க வீடு கட்டறது எப்படி?"

முனிரத்தினம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இவ்ளோ தெரிஞ்சிகினு கதை எய்துறியா தம்பி?" என்று உண்மையான துக்கத்தோடு கேட்டார். பிறகு என் அப்பாவிடம், "சம்பந்தி, அந்த வக்கீல் கோட்டு எங்க கீது?" என்றார்.

அந்த நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு, நான் பார்க்க வந்த பெண் சரளா வந்தாள். களுக்கென்று சிரித்தது அவள்தான்.

"உங்க கதை ஒண்ணு படிச்சிருக்கேன்."

உலகத்தில் நான் சந்தித்த முதல் வாசகி. "எப்படி இருந்தது?"

"முடிவு நல்லால்ல."

அவளைத்தான் கட்டிக்கொள்வது என்று அந்த நொடியே தீர்மானித்தேன்.

கல்யாணப் பத்திரிகையில் என் பெயரைவிடப் பெரிய எழுத்தில் 'வழக்கறிஞர்' என்று போட்டார்கள். 'எழுத்தாளர்' என்ற சொல் மருந்துக்கும் இல்லை. கேட்டதற்கு, "இடம் பத்தல மாப்ளே" என்றார் மாமனார். நான் மறுபடி கோட்டைத் தொடவில்லை. அவரும் என்னை வக்கீல் என்று சொல்வதை நிறுத்தவில்லை.

இத்தனை நாவல் எழுதிவிட்டேன். ஒவ்வொன்று வரும்போதும் குடும்பமே மாமனாரைச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறது. அவர் கண்ணாடியை மாட்டி, கடைசிப் பக்கத்திலிருந்து முன்பக்கம்வரை பத்திரம் பார்ப்பதுபோல ஒவ்வொரு தாளாகப் புரட்டுகிறார். பிறகு மூடி என் கையில் கொடுத்து, எல்லோரையும் வயிறு குலுங்கச் சிரிக்கவைக்கும் அதே வாக்கியத்தைச் சொல்கிறார்:

"வில்லங்கம் ஒண்ணும் இல்ல மாப்ளே. தகிரியமா விக்கலாம்."