காலாவதி சார்

இந்த இனத்தைப் பார்க்க நீங்கள் காடு மலையெல்லாம் ஏற வேண்டியதில்லை. நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில், நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கொஞ்சம் உரக்கச் சொன்னால் போதும். அறையின் ஏதோ ஒரு மூலையில் ஒரு தலை திரும்பும். மிகுந்த இரக்கத்தோடு உங்களைப் பார்க்கும். "அந்த வேலையா? இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டலாம்" என்று ஒரு குரல் வரும். அவ்வளவுதான், பார்த்துவிட்டீர்கள். ஊரார் வேலைக்கெல்லாம் கெடு வைக்கும் பேர்வழி அவர்தான்.

முன்பெல்லாம் இவர்கள் எங்கோ ஒருவர் இருவர்தான் இருந்தார்கள். செயற்கை நுண்ணறிவு வந்தாலும் வந்தது, மழைக்கு முளைத்த காளான் மாதிரி எங்கும் முளைத்துவிட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இருக்கிறார். எனக்கு அடுத்த மேஜை. எங்களுடையது டேட்டா கன்சல்டன்சி. அப்படியென்றால் என்ன என்கிறீர்களா? கம்பெனிக்காரர்கள் தங்களிடம் குவிந்து கிடக்கும் விவரங்களை எங்களிடம் கொண்டுவந்து கொட்டுவார்கள். நாங்கள் அதை அலசி, பிழிந்து, காயவைத்து, கலர் கலராகப் படம் போட்டு, அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை அவர்களுக்கே எடுத்துச் சொல்வோம். இதில் இவர் மூத்த ஆலோசகர். நேரில் நாங்கள் அவரை சார் என்போம். அந்தப் பக்கம் போனதும் காலாவதி என்போம். மருந்துப் பாட்டிலில் அச்சடித்திருப்பதைப் பார்த்து யாரோ வைத்த பெயர், பசை போட்டதுபோல ஒட்டிக்கொண்டது.

காலையில் அவர் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே கேள்வி வந்துவிடும்.

"நேத்து ராத்திரி புது ஏஐ மாடல் ஒண்ணு வந்துச்சே, பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்றால், பெற்ற தாயைப் பட்டினி போட்டவனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். பார்த்தேன் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நினைக்காதீர்கள். "அது பழசாச்சே! விடியக்காலையில இன்னொண்ணு வந்தாச்சு" என்பார். எப்படிப் போனாலும் நீங்கள் பின்தங்கியவர்தான்.

கணக்கு எழுதுகிறவரிடம் கணக்கு போய்விடும் என்றும், வாசலில் வருகிறவர்களை வரவேற்கும் பெண்ணிடம் இனி கதவே வணக்கம் சொல்லும் என்றும், வாடகைக் கார் ஓட்டுநரிடம் ஸ்டியரிங் தானே திரும்பும் என்றும், பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கும்போதுகூட, பேச முடியாததால் கையை ஆட்டி ஆட்டி, "உங்களுக்கும் முடிஞ்சுது" என்றும் சொல்லிவிட்டு வந்தவர் அவர். முடிதிருத்துபவரிடமும் ஆரம்பித்தார். அவர் கத்திரியைக் காதருகே நிறுத்தி, "தலையை ஆட்டாம இருங்க சார், எது போகுதோ இல்லையோ, காது போயிடும்" என்றார். காலாவதி சார் வாயை மூடிக்கொண்ட மிகச் சில தருணங்களில் அது ஒன்று.

ஜோசியராவது கெட்ட காலம் என்று சொன்ன கையோடு ஒரு பரிகாரமும் சொல்வார். இவரிடம் அதுவும் கிடையாது. நம் முகம் தொங்க வேண்டும், அதை அவர் பார்க்க வேண்டும். அதில் என்ன சுகமோ!

இதற்கென்று ஒரு படமும் வைத்திருந்தார். உலகத்துத் தொழில்களெல்லாம் அதில் வரிசையாக இருக்கும். போகப் போவது சிவப்பு, ஊசலாடுவது மஞ்சள், பிழைக்கப் போவது பச்சை. மேலிருந்து கீழ்வரை ஒரே சிவப்பு. அடியில் பசுமையாக ஒரே ஒரு வரி மட்டும் இருந்தது: ஆலோசகர்.

"இது மட்டும் எப்படி சார் பச்சையா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இதையெல்லாம் எடுத்துச் சொல்றதுக்கு ஒரு மனுஷன் வேணும்ல?"

இதுவரை சிரித்துவிட்டுப் போகலாம். அவருடைய அக்கா மகள் விஷயத்தில்தான் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிப் படிப்பை முடித்த பெண். அந்த வீட்டில் தம்பி வாக்குதான் வேதவாக்கு. "அவன் அந்த லைன்லயே இருக்கான், அவன் சரின்னா சரி" என்பது அக்காவின் கட்சி. பெண் கணக்கியல் என்றாள், சிவப்பு என்றார். சட்டம் என்றாள், அதுவும் சிவப்பு என்றார். அதெல்லாம் அவள் பேச்சுக்குக் கேட்டது. மனசுக்குள் இருந்ததைக் கடைசியில்தான் வெளியே எடுத்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் காலாவதி சார் பேசுவார் என்பதால் அலுவலகமே அதைக் கேட்டது.

"மாமா, கால்நடை மருத்துவம் படிக்கணும்னு ஆசையா இருக்கு."

"அதுவாம்மா? எக்ஸ்ரேயை கம்ப்யூட்டரே பாத்துடும். மருந்தையும் அதுவே எழுதிடும்."

"நாய் கடிக்க வந்தா அதை யாரு மாமா பிடிக்கிறது?"

"அதெல்லாம் சின்ன விஷயம்மா."

"உங்களை நாய் கடிச்சிருக்கா மாமா?"

கடித்திருந்தால் அது சின்ன விஷயமா பெரிய விஷயமா என்று தெரிந்திருக்கும். "யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை வைத்தார். ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. அவர் யோசித்துக்கொண்டே இருந்தார், அந்தப் பெண் விண்ணப்பத்தை நிரப்பி வைத்துக்கொண்டு காத்துக்கொண்டே இருந்தாள். பிறத்தியார் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாளும் வந்தது. அன்று பார்த்து எங்களுக்கு ஒரு பெரிய கூட்டம். சரக்குக் கிடங்குகள் நடத்தும் கம்பெனியிலிருந்து மேலாளர் அம்மாள் வந்திருந்தார். காலாவதி சார் தன் புகழ்பெற்ற படத்தைத் திரையில் விரித்துத் தொண்டையைச் செருமினார். அந்த அம்மாள் கையை உயர்த்தினார்.

"ஒரு நிமிஷம் சார். இதே படம் எங்ககிட்டயும் இருக்கே."

"எப்படிங்க? இது எங்க டீம் மாசக்கணக்கா உக்காந்து செஞ்சது."

"நேத்து சாப்பிட்டுக்கிட்டே ஒரு ஏஐ மாடல்கிட்ட கேட்டேன். சாப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள போட்டுக் குடுத்துருச்சு." அவர் தன் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். அதே வரிசை, அதே நிறம், அதே எழுத்து. "ஒரே ஒரு வித்தியாசம்தான் சார். தப்பா எடுத்துக்காதீங்க, இதுல உங்க வேலையும் சிவப்புல இருக்கு."

கூட்டம் காபி ஆறுவதற்குள் முடிந்தது. காலாவதி சார் மேஜைக்குத் திரும்பி, அணைந்து கிடந்த திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அக்கா மகள் மூச்சு வாங்க உள்ளே வந்தாள்.

"மாமா, சாயங்காலத்தோட முடிஞ்சுடும். அம்மா உங்களைக் கேட்டுட்டுதான் அனுப்பச் சொன்னாங்க. நானும் எத்தனை தடவைதான் போன் பண்றது? அனுப்பட்டுமா?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். அத்தனை தொழில்களுக்கும் தேதி குறித்த அந்த வாயிலிருந்து காற்று மட்டும் வந்தது. பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. என் பக்கம் திரும்பினாள்.

"என்ன அங்கிள், ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கிறாரு?"

இனியும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தால் நான் மனிதனே இல்லை.

"மௌனம் சம்மதம்மா. சட்டுனு அனுப்பு."

கையிலிருந்த போனிலேயே அனுப்பிவிட்டாள். உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா, அனுப்பிட்டேன்! மாமா ஒண்ணுமே சொல்லலை!"

"ஒண்ணுமேவா?" என்றது அக்காவின் குரல், பதறிப்போய். "ஏண்டி, உடம்புக்கு ஏதும் முடியலையா அவனுக்கு?"

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதன்பின் மாமாவின் தோளைத் தொட்டு, "தண்ணி குடிக்கிறீங்களா மாமா?" என்று கேட்டாள். எனக்கு அவளை ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவள் கைக்கு வரப்போகும் மாடுகளும் நாய்களும் கொடுத்துவைத்தவை.

காலாவதி சார் திருந்தியிருப்பார் என்று நினைப்பீர்கள். பிறவிக் குணம் அப்படியெல்லாம் போகுமா? மறுவாரமே அவர் முகத்தில் பழைய களை வந்துவிட்டது. "ஆலோசகர் வேலையே போகப் போகுது, தெரியுமா? இன்னும் ரெண்டே வருஷம்!" என்று மேஜை மேஜையாகப் போய்ச் சொன்னார். தன் வீடு தீப்பிடித்தாலும் பரவாயில்லை, தெருவுக்கு முதலில் சொல்கிற ஆள் தானாக இருக்க வேண்டும் அவருக்கு.

நீங்கள் அந்த ரகம் இல்லை என்கிறீர்கள். நம்புகிறேன். இருந்தாலும், போன தடவை ஒரு பிள்ளை உங்களிடம் ஓடி வந்து, "நான் இதைத்தான் படிக்கப் போறேன்" என்று சொன்னதே, அப்போது உங்கள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை என்ன? உங்களுக்கு மறந்திருக்கும். அந்தப் பிள்ளையைக் கேளுங்கள், அதற்கு மறந்திருக்காது.