மூன்று நாட்டு சாலட்

"என்னங்க, எண்ணெய் தனியா, வினிகர் தனியா நிக்குது" என்றாள் மனைவி.

"நிக்கட்டும். நான் முதல்ல போன நாட்டுல இப்படித்தான் ஊத்துவாங்க" என்றார் லிஃப்ட் மெக்கானிக், கரண்டியை ஸ்பானர் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டு.

கம்பெனி செலவில் மூன்று நாடு பார்த்தவர். ஒர்க்‌ஷாப்பில் அவருக்குப் பெயரே 'ஃபாரின்'. ஒரு வெள்ளரிக்காயைக் கண்டால் போதும், எந்த நாட்டில் அதன் தலையில் எதை ஊற்றுவார்கள் என்று ஆரம்பித்துவிடுவார். இப்போது நான்காவது பயணம் வந்திருக்கிறது. மேனேஜர் ஒரே ஓர் ஆளைத்தான் கூட்டிப் போவாராம். அந்த ஆளைத் தேர்ந்தெடுக்க ஒவ்வொருவர் வீட்டுக்கும் சாப்பிட வருகிறார்; சாலட் மட்டும் போதும் என்று வேறு சொல்லியிருக்கிறார். ஏற்கெனவே இரண்டு வீடுகளில் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போயாயிற்று. சாலட் விஷயத்தில் ஃபாரினை அடித்துக்கொள்ள ஆள் ஏது?

மனைவி நாக்கில் தொட்டு வைத்தாள்.

"புளிப்பு உச்சி மண்டைக்கு ஏறுதுங்க."

அவர் சர்க்கரையைக் கொட்டினார். கூடவே தக்காளி சாஸ்.

"ஐயோ, ஜாம் மாதிரி ஆயிடுச்சே."

"ரெண்டாவது நாட்டுல இதேதான். இலை தழை மேல சிவப்பா, இனிப்பா ஊத்துவாங்க. உனக்கு எங்க தெரியப் போகுது?"

இனிப்பு அவருக்கே திகட்டியது. அதை அடக்க அரைத்த கடுகைப் போட்டார். மனைவிக்குக் கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் கொட்டியது. காரத்தை அமுக்க மயோனைஸ் பாட்டிலை அப்படியே கவிழ்த்தார். மூன்றாவது நாட்டில் வெள்ளையாக, கெட்டியாகத்தான் இருக்குமாம். கரண்டி நட்டது நட்டபடி நின்றது.

"இப்ப இது எந்த நாடுங்க?"

"மூணும் சேர்ந்தது. உலகத்துலயே நான் ஒருத்தன்தான் பண்ணியிருக்கேன்" என்றார், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

வாசல் மணி அடித்தது. டிரைவரைக் காரிலேயே விட்டுவிட்டு மேனேஜர் உள்ளே வந்தார். தட்டைப் பார்த்தார். முள்கரண்டியால் ஓர் இலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வைத்துவிட்டார்.

"எனக்கு அவ்வளவா பசியில்ல. நீங்க சாப்பிடுங்க."

ஃபாரின் தன் தட்டை அருகே இழுத்துக்கொண்டார். போச்சு, பயணம் போச்சு. இதன் அருமையைச் சாப்பிட்டாவது காட்டிவிட வேண்டும். சிரித்த முகமாகத் தன் தட்டை வழித்துக் காலி செய்தார். மேனேஜர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதையும் சாப்பிடறீங்களா?" என்று தன் தட்டை நகர்த்தினார்.

"அதுக்கென்ன சார், வீணாப் போகக் கூடாதில்ல?"

வயிறு கடமுடா என்றது. முகமோ போட்டோவுக்கு நிற்கிறவர் மாதிரி மலர்ந்திருந்தது. அந்தத் தட்டும் காலி. மேனேஜர் எழுந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"நீங்கதான் என்கூட வர்றீங்க."

கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் அவர் மனைவி பக்கம் திரும்பினார். "பார்த்தியா? ருசி தெரிஞ்ச மனுஷன்."

"அவர் வாயிலயே வைக்கலையே."

"விஷயம் தெரிஞ்சவங்களுக்குப் பார்த்தாலே போதும்டி."

மேனேஜர் மறந்துபோன மூக்குக் கண்ணாடியை எடுக்க டிரைவர் உள்ளே வந்தார்.

"வாழ்த்துக்கள்ணே. சாருக்குப் பச்சை இலையே ஆகாது. இப்பப் போற நாட்டுல விருந்துல தட்டுல மிச்சம் வச்சா கோவிச்சுக்கறாங்களாம். அதான், எவ்வளவு கேவலமா இருந்தாலும் மூஞ்சி சுளிக்காம அவர் தட்டையும் சேர்த்துத் தின்னு தீர்க்க ஓர் ஆளை வீடு வீடாத் தேடிக்கிட்டிருந்தாரு."