மஞ்சள் தண்ணீரில் குளித்த ஈயம்

வாய் திறக்க வெட்கப்படுகிறவர்களுக்குத் தலையாட்டுவது பெரிய வசதி. எனக்கு அது அறுபது வருஷப் பழக்கம். அப்படி ஆட்டிய ஒரு தலையால்தான் எங்கள் கோயில் வாசலில் வெள்ளி மழை பெய்தது. பெய்ய வைத்தவள் நான். இப்போதாவது ஒத்துக்கொள்கிறேன்.

நமுனுகுல மலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டம். கோயில் முன்னால் ஒரு பாறை, பாறைக் குழியில் ஓர் இரும்புச் சூலம். வருஷா வருஷம் சிமெந்து பூசுவார்கள், மழை வந்து பெயர்த்துவிடும். அந்த வருஷம் தொட்டாலே ஆடியது. திருவிழாவில் கரகம் முதலில் வந்து நிற்பது அங்கேதான். "ஆடுற சூலத்துக்கு முன்னால நான் கரகத்தை எறக்க மாட்டேன்" என்று பூசாரி சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர் ஃபெக்டரியில் இயந்திரம் பார்த்தவர். "கல்லுல இரும்பு நிக்கணும்னா ஈயத்தைக் காய்ச்சி ஊத்தணும்" என்றார். பதுளையில் டயர் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஓர் உரப்பை நிறையக் கட்டிகள் கொடுத்துவிட்டார். வாகனச் சக்கரம் ஆடாமல் ஓட, ஓரத்தில் கொளுவி என்கிற இரும்புக் கொக்கி வைத்து அடிப்பார்களே, அந்தக் குட்டிக் கட்டிகள். பழசாகிக் கழற்றிப் போட்டவை.

அதில் எல்லாமே ஈயமில்லை. இரும்பும் நாகமும், அதாவது துத்தநாகமும், கலந்திருந்தன.

"நாகம் விழுந்தா ஈயம் கூழாட்டம் ஆயிரும், ஊத்த வராது. நீதான் பொறுக்கணும்" என்றார் அவர்.

"நானா?"

"கொழுந்து எடுத்த கைதானே? பொறுக்கு."

மூன்று நாள் பின்வாசலில் உட்கார்ந்து பொறுக்கினேன். காந்தத்தில் ஒட்டினால் இரும்பு. குறட்டால் கடித்துப் பள்ளம் விழுந்தால் ஈயம், வழுக்கினால் நாகம். கல்லில் போட்டால் நாகம் 'கிண்' என்னும், ஈயம் 'தொப்' என்னும். மலையிலிருந்து மூட்டம் இறங்கி எங்கள் லயத்து வீட்டு வரிசையே மறைந்துபோகும். அந்த வெள்ளைக்குள் கிண், தொப், தொப். எந்தெந்த ரோட்டில் சுற்றிய கட்டிகளோ! இது மட்டக்களப்புக் கடலைப் பார்த்திருக்கும், இது கொழும்புக்குப் போயிருக்கும். பதுளையைத் தாண்டாத நான் அவற்றை மடியில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போய் வந்தேன்.

(போன இடத்தில் ரோட்டு அழுக்கைப் பார்க்காமல் சும்மா வந்திருக்கலாம்.)

ரோட்டில் மாட்டுச் சாணம், நாய் அசிங்கம், எல்லாவற்றிலும் உருண்டவை. சாமி காலடிக்கு இப்படியே போகலாமா? திருவிழாக் காலையில் முதல் சட்டிக்கு வேண்டியதை அவர் எடுத்துப் போனதும், மிச்சத்தை மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டு அலசினேன். துணியால் துடைத்தும் வைத்தேன். கொளுவி இடுக்கில் தண்ணீர் ஒளிந்திருந்ததை யார் கண்டார்?

கோயிலடியில் ஈயம் உருகிக்கொண்டிருந்தது. மிதந்து வந்த கொளுவிகளைக் கரண்டியால் வழித்துப் போட்டதும், நிலாவைச் சட்டிக்குள் இறக்கின மாதிரி இருந்தது. மூட்டம் அதற்குள் நகர்ந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அக்கா, உள்ள விழுந்துறாதீங்க" என்றாள் பக்கத்து லயத்துப் பாப்பாத்தி.

அவர் கூப்பிட்டார். "குழிக்குப் பத்தாது. மிச்சத்தையும் போடணும். எல்லாம் சரியா இருக்குல்ல?"

'கழுவினேங்க' என்று சொல்லத்தான் நினைத்தேன். சுற்றிலும் அத்தனை சனம். புது வேட்டியில் கோயில் தலைவர் வேறு. தலையாட்டினேன்.

நீளப் பிடி மண்வெட்டியில் அள்ளி, தள்ளி நின்று போட்டார்.

டமார்!

நிலா துண்டு துண்டாகக் கிளம்பியது. கோயில் தகரத்தில் படபடவென்று வெள்ளி விழுந்தது. ஆளுக்கொரு திசையில் ஓட்டம். ஓட்டத்தில் பூசாரி முதல். நல்லவேளை, ஒருவருக்கும் காயமில்லை. தலைவர் வேட்டி மட்டும் சல்லடை.

"என்ன அக்கா போட்டீங்க, வெடியா?" என்றாள் பாப்பாத்தி.

"கழுவினேங்க" என்றேன் அவரிடம். காலம் கடந்த வார்த்தை.

"ஈரம் பட்டா உருகின ஈயம் வெடிக்கும்ல! அத மொதல்லயே வாயத் தொறந்து சொல்லக் கூடாதா?" என்று அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தப்படிச் சத்தம் கீழே கேட்டது, கரகம் புறப்பட்டுவிட்டது. புல்லுக்குள் சிதறிய சொட்டுகளை எல்லோரும் குனிந்து பொறுக்கினோம். மிச்சக் கட்டிகளோடு சேர்த்துத் தகரத்தில் பரப்பி, அடியில் நெருப்பு வைத்துச் சூடாக்கினோம். அவர் மண்வெட்டியோடு என்னைப் பார்த்தார். சனம் மொத்தமும் என்னைப் பார்த்தது.

"காஞ்சிருச்சா? தலையாட்டாத. வாயால சொல்லு."

"காஞ்சிருச்சு!" என்று கத்தினேன். என் குரல் மலையில் பட்டுத் திரும்பி வந்தபோது வேறு யாருடையதோ போலிருந்தது.

ஈயம் குழிக்குள் இறங்கியது. கரகம் மேலேறி வரும்போது அது ஆறி, சூலம் அசையாமல் நின்றது. இன்றும் நிற்கிறது. அந்த ஈயத்தில் ஒரு நாகமும் கலக்கவில்லை என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

வீட்டில் இப்போது சோறு வெந்துருச்சா என்று அவர் கேட்டு நான் தலையாட்டினாலும், தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போய்விடுகிறார்.