கோமுகியும் சிங்கி இறால் தொட்டியும்

பக்திப் பதிகங்களைச் சிறு வயதிலேயே மனப்பாடம் செய்தவர்களுக்கு ஓர் ஆபத்து உண்டு. உலகத்துப் பொருள்கள் யாவும் கோயிலில் நடப்பதுபோலவே நடக்கும் என்று அவர்கள் நம்பிவிடுவார்கள். நான் நம்பினேன். அதன் பயனாக முகத்துவாரத்தில் ஒரு படகு தாழ்ந்தது. (முழுதாக அல்ல, பின்பாதி மட்டும். என்னை விரும்பாதவர்கள் இதைப் பெரிதுபடுத்துவார்கள்.)

அக்காலத்தில் நான் வெள்ளவத்தையில் ஓர் அறையில் குடியிருந்து, புறக்கோட்டையில் நீர்ப்பம்புகள் விற்கும் கடையொன்றில் வேலை பார்த்தேன். பம்புகளை விற்றேனே தவிர, ஒன்றையேனும் கழற்றிப் பூட்டியவன் அல்லன். அவற்றின் விலைகளை மட்டும் பதிகம்போலத் தடையின்றி ஒப்பிப்பேன். அதே கடையில் காசுமேசையில் இருந்தவள் கொட்டாஞ்சேனை ஸ்டெல்லா. ஆண்டவனை எண்ணி உருகுவதற்கென்று ஆன்றோர் அருளிய பாடல்களையெல்லாம் நான் முகவரி மாற்றி அந்தக் காசுமேசைக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். பாட்டில் பிறைநிலா வந்தால் அவள் நெற்றியில் விழும் சுருள்முடிதான் நினைவில் எழும். இறைவன் பொறுத்துக்கொண்டான். அவனுக்கு இது புதிதாக இராது.

அவளுக்கும் என்மேல் விருப்பம் இருந்தது. அதை வீட்டில் சொல்ல, ஒருநாள் பஸ் தரிப்பிடத்தில் அவளே வழி சொன்னாள்.

"அப்பாவோட படகுத் தொட்டியில எங்கேருந்தோ தண்ணி ஏறுது. யாராலயும் கண்டுபிடிக்க முடியல. நீங்க பாத்துக் குடுத்தீங்கன்னா உங்களைத் தலையில தூக்கி வச்சிப்பாரு. அப்புறம் நம்ம விசயத்தைச் சொல்லலாம்."

"ஓம், அது சின்ன வேலை," என்றேன்.

"இன்னொண்ணு. நீங்க சைவச் சாப்பாடுன்னு மட்டும் இப்பவே சொல்லிராதீங்க."

அடுத்த ஞாயிறு, மாதா கோயில் பூசை முடிந்ததும், அவளுடைய தந்தை அந்தோனி அங்கிளும் தமையன் ஜோசப்பும் என்னை முகத்துவாரத்துக்கு அழைத்துச் சென்றார்கள். நான் வெள்ளை லோங்ஸ் காற்சட்டை அணிந்து, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தேன். (பெண் கேட்கப் போகிறேனா, பம்பு திருத்தப் போகிறேனா என்பதில் எனக்கே தெளிவில்லை.)

படகின் பின்பக்கத்தில் அந்தத் தொட்டி இருந்தது. பிடித்த சிங்கி இறாலை உயிரோடு கொண்டுவருவதற்கான தொட்டி அது. ஹோட்டல்காரர்கள் உயிருள்ளதைத்தான் வாங்குவார்கள். கடலில் நிற்கும்போது பம்பு அடியிலுள்ள துளைவழியே கடல்நீரை உள்ளே இறைக்கும். மிஞ்சிய நீர் பின்புறத்திலுள்ள இன்னொரு துளையால் வெளியே வழியும். கரையை நெருங்கியதும் பம்பை நிறுத்திவிடுவார்கள். ஏனெனில் அங்கே களனி ஆறு கடலோடு கலக்கிறது. ஆற்றுநீர் பட்டால் சிங்கி இறால் பிழைக்காது. ஆனால் சில வாரங்களாக, பம்பை நிறுத்திய பின்னரும் கலங்கல் நீர் தொட்டிக்குள் ஏறிக்கொண்டிருந்தது.

"புது இஞ்சின் பூட்டினதுலேருந்து இந்தத் தொல்லை தம்பி," என்றார் அங்கிள். "உள்ள கிடக்கிறது அத்தனையும் நாளைக்கு ஹோட்டலுக்கு உசிரோட போகணும்."

"ஆத்துத் தண்ணி நல்ல தண்ணிதானே, அங்கிள்?"

ஜோசப் என்னை ஏற இறங்கப் பார்த்தான். "சாமி, உங்களுக்கு நல்ல தண்ணி. அதுக்கு நஞ்சு."

நான் தொட்டியைச் சுற்றிவந்து ஆராய்ந்தேன். நீர் வரக்கூடிய வழிகள் இரண்டே: உள்ளே இறைக்கும் குழாய், வெளியே வழியும் துளை. இரண்டாவதை நான் கணப்பொழுதும் ஐயுறவில்லை. கருவறையின் வடபுறத்துக் கோமுகியை நாள்தோறும் வலம்வந்தவன் நான். அபிஷேக நீர் அதன் வாயால் வெளியே வரும். வெளியிலிருந்து ஒரு துளியேனும் அதன் வழியே உள்ளே போய் நான் கண்டதில்லை. வெளியேறுவதற்கென்று வைத்த வாயால் ஒன்று உள்ளே வரும் என்று நினைப்பதே அபசாரமாகப் பட்டது.

"வெளியில போற துளையைப் பாக்கத் தேவையில்லை, அங்கிள். பம்பிலதான் பிழை. தண்ணியைத் திரும்பி வராமல் மறிக்கிற வால்வு தேஞ்சுபோச்சு."

கடையிலிருந்து கொண்டுபோன புது வால்வை ஒருவாறு பூட்டினேன். மூவரும் தொட்டியைச் சூழ்ந்து குனிந்து பார்த்தோம். கலங்கல் நீர் நிதானமாக ஏறியது. (ஜோசப்பின் உடல்வாகு புது இஞ்சினுக்குச் சற்றும் குறைந்ததன்று.) மனம் தளர்ந்து, படகின் முன்பக்கம் போய் இருந்து பிளேன்டீ குடித்தோம். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் நீர் நின்றிருந்தது! மகிழ்ச்சியோடு மூவரும் பின்னால் ஓடினோம். மறுபடியும் ஏறியது.

தேடிப் போனால் ஒளிந்துகொள்வது கடவுளின் இயல்பு என்று படித்திருந்தேன். இந்த நீரோ தேடிப் போனவர்களுக்கு மட்டுமே காட்சி தந்தது.

"பேய் வேலையா தம்பி?" என்று அங்கிள் சிலுவை அடையாளம் இட்டுக்கொண்டார்.

பேயை ஒப்புக்கொண்டால் மருமகன் பதவி கைநழுவிவிடும். "குழாயையே கழட்டிப் பாப்பம்," என்று சொல்லி, படகின் அடித்துளையோடு பொருந்தியிருந்த ரப்பர்க் குழாயைப் பலங்கொண்ட மட்டும் இழுத்தேன். (அந்தத் துளைக்கு ஒரு மூடி உண்டென்பதும், அதை முதலில் அடைக்க வேண்டுமென்பதும் நான் ஒப்பித்த விலைகளுக்குள் வரவில்லை.)

களனி ஆறு உள்ளே வந்தது.

கட்டைவிரலால் அடைத்தேன். கைக்குட்டையைத் திணித்தேன். இறுதியில், சொல்ல வெட்கமாக இருக்கிறது, துளையின்மேல் உட்கார்ந்தேன்.

"சாமி, எந்திரிக்காதீங்க!" என்று ஜோசப் கத்தினான்.

"எந்திரிப்பா, மூடியைப் போடணும்!" என்று அங்கிள் கத்தினார்.

அப்போது படகு கட்டும் ஜெட்டியிலிருந்து ஒரு சிரிப்பொலி கேட்டது. மதியச் சாப்பாட்டுக்கு அழைக்க வந்த ஸ்டெல்லா அங்கே நின்றிருந்தாள்.

"அப்பா! எல்லாரும் பின்னாலேயே நின்னா படகு தாழாதா? அந்த வெளிய போற ஓட்டை தண்ணிக்குள்ள முழுகிக் கிடக்கு. இவ்வளவு நேரமும் அது வழியாத்தான் ஏறிட்டிருந்துச்சு! நீங்க முன்னால போனீங்கன்னா ஓட்டை மேல வருது!"

புது இஞ்சினின் பாரத்தால் பின்பக்கம் ஏற்கெனவே தாழ்ந்திருந்தது. அதன்மேல் மூவரின் பாரமும் சேர்ந்திருந்தது. அவள் சொல்லி முடிப்பதற்குள் படகின் பின்பாதி சேற்றில் அமர்ந்துவிட்டது. சில சிங்கி இறால்கள் விளிம்பைத் தாண்டி விடுதலை பெற்றன. மற்றவை ஆற்றுநீரில் அடங்கின.

"அந்த ஓட்டையைப் பாக்க வேணாம்னு ஏன்பா சொன்னே?" என்று கேட்டார் அங்கிள்.

இடுப்பளவு நீரில் நின்றபடி கோமுகியின் அமைப்பை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"கோயில் தண்ணியில மிதக்கிறதில்லையே தம்பி," என்றார்.

ஹோட்டலுக்குப் போகவேண்டியவை அன்று கொட்டாஞ்சேனை வீட்டில் குழம்பாயின. அங்கிள் என்னைக் கடிந்துகொள்ளவே இல்லை. "படகை இழுத்துக்கலாம். நீ உக்காந்து சாப்பிடு," என்றார். என் தட்டில் முழுதாக ஒன்றை வைத்தார்கள். எதிரே ஸ்டெல்லா இருந்தாள். ஒரு வாய் போதும் என்று அவள் கண்கள் கெஞ்சின. விரல் தொட்டது. கை வாய்வரைக்கும் உயர்ந்தது. காலையில் தொட்டிக்குள் அது நீண்ட மீசையை அசைத்தது நினைவில் வந்தது. கை தானாகவே இறங்கியது.

"அங்கிள், நான் சைவம்."

ஜோசப் முதலில் சிரித்தான். பிறகு வீடே சிரித்தது. அங்கிள் கண்ணீர் வரச் சிரித்து, அதைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நீ எதுக்கு வந்தேன்னு எனக்குத் தெரியும். சாமி வேறன்னாக்கூடப் பேசித் தீர்த்துக்கலாம். என் வீட்டுச் சோத்துல கை வைக்க முடியாதவனுக்கு நான் எப்படிப்பா பொண்ணைக் குடுப்பேன்?"

ஸ்டெல்லா மட்டும் சிரிக்கவில்லை. அவளும் அன்று சாப்பிடவில்லை.

பின்னர் அவள் மணமாகி அவுஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாள். காசுமேசையில் வேறொருவர் வந்து இருந்தார். எனக்கும் யாழ்ப்பாணத்தில் பெண் பார்த்துக் கலியாணம் நடந்தது. பதிகங்களை இப்போது உரிய முகவரிக்கே அனுப்புகிறேன். ஆயினும் வெள்ளவத்தைக் கடற்கரையில் பொழுதுபடும் வேளையில், சில வரிகள் மட்டும் வழியிலேயே கொட்டாஞ்சேனையில் இறங்கிவிடுகின்றன. பாடலில் ஏங்கும் தலைவிக்கு இறைவன் என்றாவது வருவான் என்ற உறுதி உண்டு. எனக்கு அதுவும் இல்லை.

படகுக் கதையை வீட்டில் நானே சொல்லிச் சிரிப்பு மூட்டியிருக்கிறேன். ஆகையால் எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினால், "எல்லாரும் முன்னுக்குப் போங்கோ, அப்பா திருத்தப் போறார்," என்று பிள்ளைகள் ஓடுவார்கள். நான் சொன்ன கதையில் இரண்டு ஆண்கள் இருந்தார்கள், ஒரு படகு இருந்தது, ஜெட்டியில் 'யாரோ ஒரு ஆள்' நின்றார்.

சென்ற மாதம் பேத்தி கேட்டாள்: "அப்பப்பா, ஜெட்டியில நிண்டு சிரிச்சது ஆர்?"

நான் வாய் திறக்குமுன் குசினியிலிருந்து என் மனைவி சொன்னாள்: "ஸ்டெல்லா."

திகைத்துப் போனேன். "உமக்கு எப்பிடித் தெரியும்?"

"கலியாணம் பேசேக்கை எங்கட ஐயா புறக்கோட்டையில விசாரியாமலா விட்டவர்?"

"இவ்வளவு காலமும் ஏன் கேக்கேல்லை?"

"நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்," என்று சொல்லிவிட்டு, அவள் கறியைக் கிளறினாள்.

இப்போது அந்தக் கதையைச் சொல்பவள் அவள்தான். அதில் ஸ்டெல்லா நான் கண்டதைவிடவும் அழகாக இருக்கிறாள். நான் மறுப்பதில்லை.