பெட்டிசன் நானாவின் பதிவுத்தபால் நாவல்

அரசாங்கத்தின் உதவியோடு நாவல் எழுதிய ஒரே மனிதர் உலகத்திலேயே எங்கள் பெட்டிசன் நானாதான். உதவுவது அரசாங்கத்துக்குத் தெரியாது. அரசாங்கத்தின் சார்பில் உதவிக்கொண்டிருந்த எனக்கும் தெரியாது.

புத்தளத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அரசாங்கக் கந்தோரின் வாசலில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, ஊராருக்குப் பெட்டிசன் எழுதிக் கொடுப்பார் நானா. வரும் கடிதங்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

ஒருநாள் எலுவன்குளத்திலிருந்து ரஹ்மத்தும்மா என்ற விதவையின் கடிதம் பதிவுத்தபாலில் வந்தது. வயலை யானை மிதிக்கிறதாம், வேலி வேண்டுமாம். எழுத்து நானாவுடையது. ஊர்ப் பெட்டிசன்களில் பாதி அவர் எழுத்துத்தானே, நான் சந்தேகப்படவில்லை. "தங்கள் கடிதம் கவனத்தில் எடுக்கப்பட்டுள்ளது" என்று பதில் போட்டேன்.

"கவனத்தில் எடுத்தீர்கள், யானையை எடுக்கவில்லையே" என்று அடுத்த கடிதம். அதற்கடுத்ததில், "உங்கள் எழுத்து நடுங்குகிறதே, காய்ச்சலா?" என்று விசாரித்திருந்தார். எனக்கு உண்மையிலேயே காய்ச்சல். காட்டோரத்தில் இருக்கும் மனுசிக்கு அது எப்படித் தெரிந்தது என்று மண்டை குழம்பிப் போனேன்.

ஏழாவது பதிலோடு வெளிக்கள உத்தியோகத்தரை அனுப்பினோம். அவர் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தார்.

"யானை இரிக்கி, வயல் இரிக்கி. மனுசிதான் இல்ல. அந்த விலாசத்துல இரிக்கிறது பெட்டிசன் நானாட மச்சான்!"

கந்தோரின் மேலதிகாரியான பெரியவர் என்னைக் கூப்பிட்டார். "இல்லாத மனுசிக்கு ஏழு பதில் எழுதியிருக்கீங்க. நாளைக்குள்ள விளக்கம் தாங்க. இல்லாட்டி உங்கட நிரந்தர நியமனத்துக்கு நான் கையெழுத்து வைக்க மாட்டன்."

வாசலுக்கு ஓடினேன். "நானா, ரஹ்மத்தும்மா இரிக்காவா, இல்லையா?"

"நாவல்ல இரிக்கா. முழுக்கக் கடிதத்தாலயே எழுதுற நாவல், தம்பி."

"அத ஏன் எங்களுக்குத் தபால்ல போட்டீங்க?"

"ரெண்டு பக்கமும் நானே எழுதினா ரெண்டு பேரும் என்னப் போலயே பேசுறாங்க. கந்தோர்க்காரன் எழுதுற மாதிரி எனக்கு வரல்ல. ஒங்களுக்கு அது எவ்ளோ அழகா வருது!"

அது புகழ்ச்சியா, திட்டா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. என் வேலை போகப் போகிறது என்று கத்தினேன். அவர் முகம் வாடிவிட்டது.

மறுநாள் காலை நானா நேராகப் பெரியவரின் அறைக்குள் போனார். என் ஏழு பதில்களும் சேர்ந்த நாவல் கட்டு முழுவதையும் மேசையில் வைத்து, "குற்றம் என்ட, சேர். இந்தப் புள்ளைக்கு ஒண்டும் தெரியா" என்றார். பெரியவர் ஒவ்வொரு தாளிலும் முத்திரை குத்தி, சாட்சியாகக் கோப்பில் கட்டி, உள்ளே பூட்டிவிட்டார். என் வேலை தப்பியது.

"திரும்ப எழுதலாமே, நானா?" என்றேன்.

"என்ட பக்கத்த எழுதுவன். ஒங்கட பதிலுக்கு எங்க போற?"

அதற்குப் பிறகு தேத்தண்ணி நேரத்தில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ரஹ்மத்தும்மாவுக்கு முதலிலிருந்து பதில் எழுதிவருகிறேன். கதை முடிந்தால் இப்படி உட்கார ஒரு சாட்டு இல்லாமல் போய்விடுமே என்று, ஒவ்வொரு பதிலையும் இழுத்தடிக்கிறேன்.